வளையலுக்குள் எத்தனை இலை

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அவமானம் கூடுதலாக இருக்கும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், ஒரு காலை நேரம், கீரனூரில் ஏறி எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டேன். கையில் பத்திரிகையை விரித்து வைத்திருந்தேன். ஒரு பக்கத்தையும் திருப்பவில்லை. பஸ் போட்ட சத்தத்தில் விட்டுப்போன இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எங்கே நன்றாக இருக்கிறதோ அது அவர்கள் சொன்னது.

முதல் வாக்கியத்தை இப்படித் தொடங்கினேன்:

[உயர்கல்வியில் மாணவர் பங்கேற்பு என்பது காலத்தின்]

காலத்தின் என்ன என்று எனக்கே தெரியவில்லை. அடுத்து:

[புளியமரம் காற்றில் அசைந்தது. அதன் ஒவ்வொரு இலையும் ஒரு]

இதுவும் வேண்டாம். மரத்தை அசைத்துக் கதை ஆரம்பிக்கிற பழக்கத்தை ரொம்பக் கஷ்டப்பட்டு விட்டிருக்கிறேன்.

2

தேவிப்ரியாவிலிருந்து போவோம். கீரனூர்ப் பெண். புதுக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இரண்டாம் வருஷம். (பெயரைக் கேட்காதீர்கள். நானே கட்டியது, பூச்சு இன்னும் காயவில்லை.) அங்கே இந்த வருஷம் புதிதாக ஒரு பொறுப்பு வந்தது: மாணவர் இணைப்படைப்பாளர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாடத்தை உருவாக்க வேண்டும். எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, தேர்வில் என்ன கேட்பது என்பதிலெல்லாம் மாணவருக்கும் பேச்சு உண்டு. துறைக்கு ஒருவர், கழுத்தில் நீல நாடாவில் ஓர் அட்டை.

பொறுப்பேற்ற புதிதில் தேவிப்ரியா என்னத்தை உருவாக்கினாள் என்று பார்த்தால், சிறப்பு விருந்தினர் வரும்போதெல்லாம் வாசலில் நின்று பன்னீர் தெளித்தாள், கற்கண்டுத் தட்டை நீட்டினாள். அவள் அம்மா ராஜலட்சுமி மட்டும் "எம் மகளுக்குக் காலேஜுலயே வேலை போட்டுட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பிறகு ஒருநாள் பேராசிரியர் பிரகதீஸ்வரி கூப்பிட்டார். பல வருஷமாக ஒரே கேள்விகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, அந்தக் கேள்விகள் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகியிருந்தன. மேலிடத்திலோ 'இணைப்படைப்பு எங்கே' என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்டர்னல் பரீட்சைல கடைசிக் கேள்விய நீ போடும்மா. மாதிரி எடுக்குற பாடத்துலேர்ந்து, அதான் சாம்ப்ளிங். யார்ட்டயும் சொல்லக் கூடாது."

"நானா மேடம்?"

"பின்ன, கழுத்துல அட்டை எதுக்குப் போட்டிருக்க?"

3

இங்கே கார்த்திகா வர வேண்டும். தேவிப்ரியாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி; ஒரே பஸ், ஒரே வகுப்பு. முதல் வரைவில் இவளைக் கெட்டிக்காரியாக எழுதினேன், பொருந்தவில்லை. இரண்டாவதில் அசடாக எழுதினேன். முன் ஸீட்டிலிருந்து அவள் திரும்பி முறைப்பதுபோல இருந்தது. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதே பாடத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஓர் அரியர். இந்த முறையும் மார்க் வராவிட்டால் படிப்பை நிறுத்தித் திருச்சியில் ஜவுளிக்கடைக்கு அனுப்பிவிடுவதென்று சிங்கப்பூரிலிருந்து அப்பா போனில் சொல்லிவிட்டார்.

தேர்வுக்கு முன்னால் தெரிந்தவர் தெரியாதவருக்கு 'இம்பார்டன்ட்' சொல்வது எங்கள் பக்கத்தில் தர்மம்.* தேவிப்ரியாவுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். கார்த்திகா ஜன்னலோர ஸீட்டை விட்டுக்கொடுத்தாலே போதும், உளறிவிடுவாள். அதனால் யோசித்து யோசித்து, சொன்னாலும் பிரயோஜனப்படாத ஒரு கேள்வியாகப் போட்டாள். விடை அவளுக்கே தெரியாது. புத்தகத்திலும் இல்லை.

நம் வளாக வாசலில் நிற்கும் புளியமரத்தில் எத்தனை இலைகள்? ஒன்றையும் பறிக்காமல் கணக்கிடும் வழியைக் கூறுக.

மேடம் படித்தார். "ஆன்சர் கீ எங்க?"

"இல்ல மேடம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். சரியென்று தலையாட்டினார்.

(* சொல்லாதவள் வீட்டுக் கல்யாணத்துக்கு வகுப்பில் ஒருவரும் போக மாட்டார்கள். நான் படித்த காலத்தில் எல்லோருக்கும் சொன்னேன். நான் சொன்ன எதுவும் வந்ததில்லை. என் கல்யாணத்துக்கும் யாரும் வரவில்லை.)

4

"இம்பார்டன்ட் சொல்லுடி" என்றாள் கார்த்திகா, மறுநாள் பஸ்ஸில்.

"சொல்லக் கூடாதுடி."

"ஒனக்கு அட்டை வந்ததுலேர்ந்து நாங்கள்லாம் பொதுமக்களாயிட்டோம்ல?"

நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் பட்டபோது தேவிப்ரியா சொல்லி முடித்திருந்தாள். கார்த்திகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் வீரய்யா நின்றுவிட்டார். "எலைன்னா எதும்மா? காம்போட சேத்து ஒண்ணா? இல்ல பொடிப்பொடியா இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு எலையா?"

பஸ் இரண்டாகப் பிரிந்தது. முன்பக்கம் காம்புக் கட்சி, பின்பக்கம் பொடிக் கட்சி. அன்றைக்குக் கேள்வி வெளியானது இப்படித்தான். நான் இதுவரை கேள்விப்பட்ட வினாத்தாள் கசிவுகளிலேயே கசிந்த பிறகு வேலை அதிகமானது இது ஒன்றுதான்.

5

இனி வருவதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வகுப்பே புளியமரத்தடியில் நின்றது. கவியரசன் என்ற பையன் ஒரு கிளையை எண்ணத் தொடங்கிக் கழுத்து வலித்து உட்கார்ந்துவிட்டான். கார்த்திகா துப்பட்டாவை விரித்து மல்லாக்கப் படுத்தாள். ஒரு கண்ணாடி வளையலைக் கழற்றிக் கையை நேராக நீட்டி அதன் வழியாக மேலே பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

"மரம் பூராவையும் எண்ண முடியாதுல்ல. இந்த வளையலுக்குள்ள எத்தனைன்னு எண்ணுறேன். அங்கிட்டு ஒரு எடம், இங்கிட்டு ஒரு எடம். அப்புறம் மரத்துக்கு எத்தனை வளையல்னு பாத்தாப் போதும்."

"பின்னாடி மறைஞ்சிருக்குற எலைக்கு என்ன பண்ணுவ?" என்றான் கவியரசன்.

"மறைஞ்சிருக்குறத எப்படிக் கணக்குப் பண்றதுங்கறதுதாண்டா பாடமே."

தேவிப்ரியா தன் வளையல் ஒன்றைக் கழற்றினாள். அந்த அத்தியாயத்தை அவள் நான்கு முறை படித்திருக்கிறாள். அது இவ்வளவுதான் என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. சற்று நேரத்தில் எல்லோரும் படுத்திருந்தார்கள். வளையல்கள் கைமாறின. ரோட்டில் வந்த ஆட்கள் பைக்கை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

திடீரென்று கார்த்திகா, "ஏய், வானம் தெரியுதுடி" என்றாள். "அதே எடந்தான். மொதல்ல அடைச்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப எலையக் காணோம்."

ஓர் இலையும் விழவில்லை. பொழுது சாய்வதால் மரம் மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காம்பிலும் எதிரெதிர் நின்ற பொடி இலைகள், சத்தமில்லாமல், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. வாசலில் இத்தனை காலம் நின்ற மரம் தினமும் இதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதன் அடியில்தான் இவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். எண்ணுவதை எல்லோரும் விட்டார்கள். வந்து நின்ற பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை.

6

எழுந்தபோது பின்னால் மேடம் நின்றிருந்தார்.

"கேள்விய யாரு சொன்னது?"

"நாந்தான் மேடம்." தேவிப்ரியா அட்டையைக் கழற்றி நீட்டினாள். மேடம் அதை வாங்கவில்லை. கார்த்திகாவின் கையிலிருந்த வளையலை வாங்கி, அதன் வழியாக மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு ஹால்ல பாத்துக்குவோம்" என்று காருக்குப் போய்விட்டார்.

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

மேடம் கேள்வியை மாற்றிவிடுகிறார். கார்த்திகா ஜவுளிக்கடைக்குப் போகிறாள். நியாயம்தான், வெளியான கேள்வி வெளியான கேள்விதான். எனக்கு எழுதக் கை வரவில்லை.

கேள்வி அப்படியே வருகிறது. கார்த்திகா எழுதித் தள்ளுகிறாள். அப்பா சிங்கப்பூரிலிருந்து அழுகிறார். எழுதும்போது நானும் அழுதேன். அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

[அன்றிரவு வீசிய காற்றில் அந்தப் புளியமரம்]

மன்னியுங்கள். மரத்தின்மேல் கை வைக்க மாட்டேன்.

7

நான் ஒட்டுக்கேட்டது தேர்வன்று காலையில். அவர்களுக்கும் அதற்கு மேல் தெரியாது.

"கேள்விய மாத்தியிருப்பாங்களாடி?" என்றாள் தேவிப்ரியா. அட்டை மடியில் நாடாவோடு சுருண்டு கிடந்தது.

"மாத்தலாம். ஆனா எனக்கு அது வரணும்டி." கார்த்திகா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "மார்க்குக்காக இல்ல. மார்க்குக்காகவுந்தான். ஒரு கேள்வி வரணும்னு நான் நெனைச்சதே இல்ல தெரியுமா, இத்தன வருசத்துல."

நிறுத்தம் வந்தது. எழுந்த கார்த்திகா என்னைப் பார்த்து, "சார், பக்கத்தத் திருப்புங்க. கீரனூர்லேர்ந்து ஒரே எடத்துலயே நிக்கிறீங்க" என்றாள்.

இறங்கினார்கள். புளியமரம் தன் இலைகளையெல்லாம் திறந்து வைத்திருந்தது. அதன் கீழே போகும்போது இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். வீரய்யா விசில் கொடுத்தார்.

ஹாலில் மேடம் இப்போது வினாத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். கார்த்திகா முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேரே கடைசிக்குப் போகிறாள். அங்கே என்ன அச்சாகியிருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கும் ஆன்சர் கீ இல்லை. கடைசிக் கேள்வியை நீங்கள் போடுங்கள்.

____________________

போட்டுவிட்டுத்தான் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.