அக்கா எடுத்த பேக்கப்

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டும் பட்டறை அக்காவுடையது. மெயிலில் வரும் ஆர்டர்களைப் பார்ப்பது தம்பி. அவன் தனியாகப் பட்டறை போட இடம் தேடுகிறான் என்று எவரோ கொளுத்திப் போட, ஆர்டர்களையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று அக்கா அரண்டுபோனாள். அவனையே கேட்டிருக்கலாம். அரண்டவள் எங்கே கேட்பாள்?

அவன் சாப்பிடப் போன நேரத்தில் மெயில் முழுவதையும் பென் டிரைவில் பேக்கப் எடுத்தாள். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் ஏற்றி, நிமிஷத்துக்கு ஒரு தரம் மெயில் பார்க்கும்படி வைத்து ஓடவிட்டாள். இனி அவன் எதை அழித்தாலும் இங்கே இருக்கும்!

மறுநாளே, "ஆர்டரே வரலக்கா," என்றான் தம்பி.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து ஆர்டர்கள். அடப்பாவி! ஒரே வாரத்தில் பதினெட்டு. நடுநடுவே தம்பியின் போனிலிருந்து 'டெஸ்ட்' என்று சில மெயில்கள். எல்லாம் நடிப்பு என்று அவற்றைத் திறக்கக்கூட இல்லை.

எட்டாம் நாள் பதினெட்டையும் பிரிண்ட் எடுத்து அவன் முன்னால் வீசினாள்.

"வேலியே பயிரை மேஞ்சா யார்கிட்டடா சொல்றது? சாவிய வச்சிட்டுக் கிளம்பு."

"இதெல்லாம் எனக்கு வரவே இல்லக்கா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சாவியை வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகும் பட்டறைக்கு ஒரு மெயிலும் வரவில்லை. இப்போது அழிப்பது யார்? பயந்துபோய் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"இந்த மெயில் வேற எங்கயாவது ஓடுதாம்மா?"

மென்று விழுங்கிச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க செட்டிங்ல முதல்ல இழுக்குற மெஷினுக்குத்தாம்மா மெயில். இழுத்ததும் சர்வர்ல அழிஞ்சிடும். வீட்டு மெஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்தா, இங்க என்ன மிஞ்சும்? பேக்கப்பை எடுத்து வைக்கணும், ஓட விடக்கூடாது."

வீட்டுக்கு ஓடி 'டெஸ்ட்' மெயில்களைத் திறந்தாள். கடைசி மெயிலில் தம்பி தனக்குத்தானே குறித்து வைத்திருந்தான்: 'டெஸ்ட் ஏழு. இதுவும் வரலன்னா யாரோ நம்ம மெயிலைத் திருடுறாங்க. அக்காகிட்ட எப்படிச் சொல்றது? பயந்துடுவா.'

போனை எடுத்தாள்.

"சொல்லுக்கா."

"திருடி சிக்கிட்டாடா," என்றாள். "வந்து சாவிய வாங்கிக்கோ."