முதலில் நுழைகிறவன்

தையல் இயந்திரத்தின் மேல், நூற்கண்டுகளில் சாய்ந்தபடி ஒரு கைப்பேசி நின்றிருந்தது. தையற்காரரின் கால் மிதியில் இருந்தது; கண் மட்டும் திரையில் இருந்தது. ஒரு சட்டையின் கையை உடலோடு இணைக்க வேண்டிய அவர், ஆட்டம் விறுவிறுப்பானதும் மிதிப்பதையே நிறுத்திவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியில் பொறுமையுடன் அமர்ந்திருந்தார். அவருக்கும் வேறு வழியில்லை. அது அவருடைய சட்டை.

திரையில் நடந்துகொண்டிருந்தது ஒரு கணினித் துப்பாக்கி விளையாட்டுப் போட்டி. அணிக்கு ஐந்து பேர். ஓர் அணி ஓர் அறையைக் காக்கும். மற்ற அணி அதற்குள் புகுந்து அதைக் கைப்பற்ற வேண்டும். இதையே தொழிலாகக் கொண்டு, மாதச் சம்பளம் பெற்று ஆடுபவர்களில் ஒருத்தி தையற்காரரின் மகள். களத்தில் அவள் பெயர் ‘ஊசி’. குறி தப்பாமல் சுடுவதால் வந்த பெயர் என்று ரசிகர்கள் எண்ணியிருந்தனர். அப்பாவின் தொழிலை நினைத்து அவள் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. அந்த விவரம் தெரிந்த நாள் முதல் தையற்காரர் எந்தப் போட்டியையும் தவறவிட்டதில்லை. சுட்டுவிட்டு வந்தால் யார் சோறு போடுவார்கள் என்று மைத்துனர் கேலி செய்தபோதுகூட, மகள் விளையாடப் போகவில்லை, வேலைக்குப் போகிறாள் என்று நிமிர்ந்தே பதில் சொன்னார்.

ஆயினும் ஆட்டத்தில் அவருக்குப் புரிந்தது திரையோரத்து எண்கள் மட்டுமே. எத்தனை பேரைச் சுட்டார், எத்தனை முறை சுடப்பட்டார் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். மகளுடைய எண்கள் எப்போதும் அழகாக இருந்தன. ‘பூரான்’ என்ற இளைஞனுடையவை எப்போதும் மோசமாக இருந்தன. எந்தச் சந்திலும் நெளிந்து புகுந்துவிடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். தையற்காரர் கண்டவரையில் அவன் புகுவதும் உடனே சாவதுமாகவே இருந்தான்.

அன்று அணி தோற்றது. தையற்காரர் கைப்பேசியை எடுத்தார். வழக்கம்போல் ஒளிபரப்பின் கருத்துப் பகுதியில், ‘உண்மை ரசிகன்’ என்ற பெயரில், புலிப் படம் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டு, ஒற்றை விரலால் எழுதினார்: “பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தெரியாதவன் கோட்டு தைக்க வந்தது போல் இருக்கிறது இந்தப் பூரானின் ஆட்டம். உனக்கு வெட்கம் இல்லையா? வீட்டுக்குப் போ.”

மகளுக்கு ஒரு கடமையைச் செய்து முடித்த நிறைவுடன் அவர் மீண்டும் மிதியை அழுத்தினார்.

மறுநாள் காலை பயிற்சி இல்லத்தில் ஐந்து கணினிகளும் உயிர்பெற்றிருந்தன. ஐந்தாவது நாற்காலியில் பூரான் அமரவில்லை. வாசலருகே, காலணி அடுக்கில் சாய்ந்து நின்றான். ஊசிக்கு அடுத்து அமர்ந்திருந்த அணித்தலைவி அவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். நேற்று அவன் ஒவ்வொரு முறையும் அறை வாசல்வரை ஓடிவந்து அங்கேயே நின்றுவிட்டான், அது ஏன்?

அவன் கைப்பேசியை எடுத்து, தன்னைப் பற்றி எழுதப்பட்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக வாசித்தான். குரலில் கோபம் இல்லை; கடைச் சாமான்களைப் படிப்பவன்போல் வாசித்தான்.

“உள்ள போனா செத்துடுவேன். செத்தா எண் மோசமாகும். எண் மோசமானா இவங்க எழுதுவாங்க. வாசல்ல நிக்கும்போது இதுதான் மனசுல ஓடுது. கால் நகர மாட்டேங்குது,” என்றான். “ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. நான் கிளம்புறேன்.”

ஞாயிற்றுக்கிழமை தகுதிப் போட்டி. அதில் தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் முன்பே அறிவித்திருந்தது. அந்த இறுக்கத்தைத் தளர்த்த எண்ணியோ என்னவோ, பூரானே சிறிதாகச் சிரித்தான்.

“ஆனா ஒண்ணு, உண்மை ரசிகன்னு ஒருத்தர். அவர் மட்டும் கொஞ்சம் ரசனையோட திட்டுவார். இதைக் கேளு ஊசி.”

காஜாவும் கோட்டும் வந்த அந்த வரியைக் கேட்டதும் ஊசியின் கை கணினிச் சுட்டியின் மேல் அப்படியே நின்றது. சிறு வயதிலிருந்து வீட்டில் அவள் கேட்டு வளர்ந்த வசை அது. அரைகுறையாக வேலை செய்யும் கொத்தனாருக்கும், வண்டி ஓட்டத் தெரியாத மைத்துனருக்கும், கடையில் வேலைக்கு வந்து ஒரே நாளில் ஓடியவருக்கும் அப்பா வழங்கிய பட்டம் அது. உலகில் வேறு எவரும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை முடிவெடுக்காதே என்று பூரானிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, மடிக்கணினியுடன் கடைக்குப் புறப்பட்டாள்.

வேலை நாளில் மகள் வந்ததைக் கண்டு தையற்காரர் மகிழ்ந்துபோனார். தேநீர் வாங்கிவர எழுந்தவரை அவள் தடுத்து உட்கார வைத்தாள். பழைய ஆட்டமொன்றைப் பூரானின் கண்வழியே பார்க்கும்படி ஓடவிட்டாள். ஒளிபரப்பில் கேட்காத வீரர்களின் பேச்சும் அந்தப் பதிவில் இருந்தது.

பூரான் அறைக்குள் பாய்ந்தான். இரு பக்கமிருந்தும் குண்டுகள் வந்தன. விழுந்தான். திரை சாம்பல் நிறமானது. ஆனால் அவன் குரல் நிற்கவில்லை. இடது மூலையில் ஒருவன், பெட்டிக்குப் பின்னால் ஒருவன், பெட்டிக்காரனுக்குக் குண்டு தீர்ந்துவிட்டது, இப்போது வா ஊசி என்று பதறாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். பின்னால் நுழைந்த ஊசி அந்த இருவரையும் அவன் சொன்ன இடத்திலேயே சுட்டாள்.

“செத்த பிறகும் பேசிக்கிட்டே இருக்கானே,” என்றார் தையற்காரர்.

“அதுதான்ப்பா அவன் வேலை. யாராவது முதல்ல போய்ச் சாகணும். அப்பத்தான் எதிரி எங்க இருக்கான்னு தெரியும். நீங்க கைதட்டுற என் எண்ணெல்லாம் அவன் செத்து வாங்கிக் குடுத்தது.”

அவர் கையில் பாதி தைத்த ஒரு கோட்டு இருந்தது. துணி நழுவாமல் இருக்க, முதலில் வெள்ளை நூலால் நீளமாகக் கச்சாத் தையல் போட்டிருந்தார். இயந்திரத் தையல் நேராக ஓடுவது அதன் தயவில்தான். கோட்டு முடிந்ததும் அதைப் பிரித்துக் குப்பையில் போட்டுவிடுவார். போட்டுக்கொள்கிறவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அவர் விரல் அந்த வெள்ளை நூலின்மேல் மெல்ல நகர்ந்தது.

“உண்மை ரசிகன் நீங்கதானேப்பா?” என்று மகள் கேட்டாள்.

“உனக்காகத்தான் எழுதினேன் பாப்பா. நீ தோத்துட்டு வந்து முகம் வாடி நின்னா எனக்குத் தாங்காது.”

“தெரியும்ப்பா. அதனாலதான் உங்க மேல கோவப்படக்கூட முடியல. ஆனா அவன் இப்ப வாசல்லயே நிக்கிறான். நாங்க தோக்குறது அதனாலதான்.”

அன்று மாலையே தையற்காரர் பயிற்சி இல்லத்துக்குப் போனார். மகள் உடன் வருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்குவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கதவைத் திறந்த பூரான், ஊசியின் அப்பா என்று அறிந்ததும் மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“தம்பி, அந்த உண்மை ரசிகன் நான்தான்.”

பூரான் சற்று நேரம் அவரையும் அளவு நாடாவையும் மாறி மாறிப் பார்த்தான். “அந்தக் காஜா... நீங்களா அங்கிள்?” என்று கேட்டவனுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பின் அது அடங்கியது. “நான் படிக்கிறதுகூடப் பரவாயில்ல. எங்க அம்மா ஒண்ணு விடாம படிக்கிறாங்க. படிச்சிட்டு, சாப்பிட்டியான்னு மட்டும் ஃபோன் பண்ணிக் கேப்பாங்க.”

தையற்காரர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் மகளைப் பற்றி எவரேனும் அப்படி எழுதியிருந்தால் தானும் அதைத்தான் கேட்டிருப்போம் என்பது அவருக்குத் தெரிந்தது. அவனுடைய அம்மாவிடம் தானே பேச வேண்டும் என்று கேட்டு, தொலைபேசியில் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மையார் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளையைப் பற்றி இனி ஒரு நல்ல வார்த்தை எழுதினால் அதையும் படிப்பேன் என்று மட்டும் சொன்னார். அங்கேயே அமர்ந்து தையற்காரர் புலிப் படத்தை நீக்கினார்; தம் படத்தையும் உண்மைப் பெயரையும் போட்டு, தாம் எழுதியது தவறு என்று எழுதினார். அதற்கும் சிலர் அவரைத் திட்டினர். அதை அவர் உரிய கூலியாகவே ஏற்றுக்கொண்டார்.

பூரான் எந்த வாக்குறுதியும் தரவில்லை. அவர் விடைபெறும்போது, “ஞாயித்துக்கிழமை பாருங்க அங்கிள்,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அதே கைப்பேசி அதே நூற்கண்டுகளில் சாய்ந்து நின்றது. அதே வாடிக்கையாளர், இம்முறை கால்சட்டைக்காகக் காத்திருந்தார். திரையில் பூரான் அறை வாசலுக்கு ஓடிவந்தான். தையற்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவன் நிற்கவில்லை. உள்ளே பாய்ந்தான், அடுத்த நொடியே விழுந்தான்.

“செத்துட்டான்,” என்று தையற்காரர் ஆனந்தத்துடன் எழுந்து நின்றார். “என் தங்கம், எவ்வளவு நல்லா செத்தான் பாத்தீங்களா?”

வாடிக்கையாளர் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். “நுழைஞ்சதும் போயிட்டானே. இவனையெல்லாம் எதுக்கு வச்சிருக்காங்க? நானே நாலு வார்த்தை எழுதுறேன், இருங்க,” என்று தம் கைப்பேசியை எடுத்தார்.

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகில் வந்தார்.

“எழுதாதீங்க சார். நானும் எழுதினவன்தான். நேர்ல முகத்தைப் பாத்துச் சொல்லக் கூசுற வார்த்தையை ஃபோன்லயும் எழுதக் கூடாது. அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கு. அங்க ஒரு அம்மா உக்காந்து ஒண்ணு விடாம படிக்கிறாங்க.”

வாடிக்கையாளரின் கட்டைவிரல் திரைக்கு மேலே தயங்கி நின்றது. பிறகு அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“சரி, அந்தப் பையன் இப்ப என்ன பண்ணுவான், சொல்லுங்க,” என்றார்.