ஏணிமேல் பெருக்கல்

குழாயடியிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களோடு திரும்பினேன். எங்கள் வீட்டுக் கதவில் யாரோ காவிக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். தாராவியில் அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான். அது விழுந்த வீட்டுக்குச் சீக்கிரமே முனிசிபாலிட்டி லாரி வரும். கடப்பாரையோடு ஆட்கள் இறங்கி, தகரத்தையும் பலகையையும் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குடத்தைக்கூட இறக்காமல், "எவம்லே அவன்?" என்று கத்தினேன். குனிந்திருந்த ஆள் நிமிர்ந்து திரும்பினார். என் வீட்டுக்காரர்.

"சத்தம் போடாத ளா. நாந்தான் போடுதேன்" என்றார். பிறகு இரண்டடி பின்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கா?" என்று வேறு கேட்டார்.

அவர் பெயர் வெயிலுமுத்து. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். வாயால் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம், அந்தப் பெயருக்குள் இருக்கிற வார்த்தையையும் சொல்ல மாட்டோம். மே மாதத்தில் பம்பாயே காய்ந்து கருவாடாகக் கிடந்தாலும் 'வெளிய சூடு' என்பேனே தவிர வேறு வார்த்தை வராது. இதனால் வந்த வினை கொஞ்சமில்லை. அறுபத்திரண்டு தேர்தலுக்கு முன்னால் வாக்காளர் பட்டியலுக்கு எழுத வந்த மராத்திக்காரர், "பதி கா நாம்?" என்று புருஷன் பெயரைக் கேட்டார். நான் வாசலுக்கு வெளியே கையை நீட்டி, தரையெல்லாம் அடித்துக்கொண்டிருந்ததைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். நன்றாகத் தலையாட்டிவிட்டு, சூர்யகாந்த் என்று எழுதிக்கொண்டு போனார். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடப் போனால், "சூர்யகாந்த் கி பீவி?" என்று கேட்கிறார்கள். இன்னொருத்தன் பெண்டாட்டி என்று நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? இல்லை என்றேன். ஓட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எம்.எல்.ஏ. பெண்டாட்டிக்கே ஓட்டு இல்லை என்று சந்து முழுக்கச் சிரித்தது.

ஆமாம், அப்போது அவர் எம்.எல்.ஏ. தோல் கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்தவர் ஐம்பத்தேழில் சுயேச்சையாக நின்றார், ஏணிச் சின்னத்தில். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு ஓட்டுப்பெட்டி. சீட்டில் எழுதவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். ஏணிப்படம் ஒட்டின பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும். எங்கள் ஜனங்களுக்கு அது கோயில் உண்டியலில் போடுகிற மாதிரிதான். போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களாம். எண்ணுகிற இடத்தில் பெட்டியைத் திறந்தபோது சீட்டுகளோடு வேப்பிலையும் குங்குமமும், எதிர்வீட்டுச் சேசம்மாள் போட்ட மாதா படமும் விழுந்ததாம். நான் அப்போது பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். தந்தி வந்ததும் எங்கள் அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தார்.

சட்டசபையில் இவர் அதிகம் பேசியதில்லை. மராத்தியில் இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் நாக்கு திருநெல்வேலிக்குத் திரும்பிவிடும். ஆனால் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து ஒரு காரியம் விடாமல் செய்தார். யார் வீட்டில் பெருக்கல் விழுந்தாலும் அவர்கள் எங்கள் வாசலுக்குத்தான் ஓடி வருவார்கள். இவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். சில நாள் கெஞ்சுவார், சில நாள் சண்டை பிடிப்பார். எப்படியோ தடை வாங்கி வந்து, எல்லோரும் பார்க்க, ஈரத்துணியால் அந்தக் குறியைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் பெண்கள் குலவை போடுவார்கள். அந்த ஐந்து வருஷமும் எங்கள் வீட்டில் துணி எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை. எல்லாவற்றிலும் காவி.

அறுபத்திரண்டில் முறையை மாற்றிவிட்டார்கள். எல்லார் சின்னமும் ஒரே சீட்டில். பிடித்த ஆளின் சின்னத்தில் முத்திரை குத்த வேண்டும். "நம்ம ஏணியில குத்துங்க" என்று இவரும் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். முத்திரை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மறைப்புக்குள் போய்க் குத்துகட்டையைத் திருப்பிப் பார்த்தால், அதில் இருக்கிறது பெருக்கல் குறி. அச்சு அசல் கதவில் போடுகிற அதே குறி. எங்கள் ஜனங்கள் அதை அண்ணாச்சியின் ஏணியில் குத்துவார்களா? இடிபட வேண்டியவன் எதிராளிதானே என்று ஆத்திரம் தீர அவன் தராசில் குத்திவிட்டு, நிறைந்த மனசோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜெயித்த எதிராளி, மாட்டுங்கா வக்கீல் பிரம்மநாயகம். மற்ற இடமெல்லாம் அவருக்கு இழுபறி. தாராவியில் மட்டும் அள்ளிக் கொட்டியிருந்தது. அந்த மனுஷர் உருகிப்போனார். ரோஜா மாலையோடு எங்கள் சந்துக்கே வந்து, முக்காலிமேல் ஏறி நின்று, "என்னை அறியாத நீங்கள் என்மேல் வைத்த இந்த அன்பை..." என்று ஆரம்பித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்து வாயைப் பிளந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சபுராதான் பொறுக்கமாட்டாமல், "என்ன வக்கீலய்யா பேசுதிய? ஒங்க வீடு இடியட்டும்னுல்லா குத்துனோம்!" என்று கேட்டுவிட்டாள். அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. இவர் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோற்றதற்கு அப்படிச் சிரித்த ஆளை நான் பார்த்ததில்லை. வக்கீலும் பாவம், மாலையை இவர் கழுத்தில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சிரித்தாரே தவிர, அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அறுபத்தேழு பிறந்ததும் மறுபடி நிற்கப் போகிறேன் என்றார். நான் ஒரு நிபந்தனை போட்டேன். செம்பூரில் என் தம்பி வானமாமலை வீட்டுக்கு அடுத்து இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே குழாய். திறந்தால் தண்ணீர். வாசலில் கூட்டம் கிடையாது. "இந்தத் தடவ தோத்தா இனி நிக்கப்படாது. செம்பூருக்குப் போயிரணும்" என்றேன். "சரி. தோத்தா போயிருவோம்" என்றார். ஒரு வாரமாக ராத்திரிகளில் நான் மனதுக்குள் அந்த வீட்டில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். மறைப்பானேன்.

ஜெயிக்க வேண்டுமானால் பெருக்கலைச் சரிக்கட்டவேண்டும். உருளைக்கிழங்கை இரண்டாக நறுக்கி, அதில் பெருக்கல் செதுக்கி, குங்குமத் தண்ணீரில் தோய்த்து, ஏணியும் தராசும் வரைந்த காகிதத்தில் பெண்களைக் குத்தச் சொல்லிப் பழக்கினார். சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். குத்தும்போது கை தானாகத் தராசுக்குப் போய்விடும். சேசம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் தைரியம் இருந்தது. "இது சாஞ்ச சிலுவதான அண்ணாச்சி? சிலுவைக்கு ஏன் பயப்படணும்?" என்பாள். அவளும் ஏணியை நெருங்கியதும் கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள். "வாய் ஒத்துக்கிடுது, கை ஒத்துக்கிட மாட்டங்கு. நீங்க அழிச்சத நாங்க எப்பிடி ஒங்க மேலயே போட?" என்றாள். நானும் வீடு வீடாகப் போனேன். யாருக்குப் போட வேண்டும் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டால், "மத்தியானம் மண்டையப் பொளக்குமே, அவுகளுக்கு" என்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அதனால்தான் அன்று காலை சொந்தக் கதவிலேயே காவிக்கட்டி. "வேட்பாளர் வாசல்லயே இது கெடந்தா சனத்துக்குப் பயம் தெளிஞ்சிரும்" என்றார். "லாரி வந்தா?" என்றேன். "எலெக்சன் நேரத்துல லாரியாவது வாரதாவது" என்று சொல்லிவிட்டு, லேபர் கேம்ப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போய்விட்டார்.

மத்தியானம் லாரி வந்தது.

வேறு சந்துக்கு வந்த லாரிதான். எங்கள் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஆட்களை மேய்க்கிற முகாதம் இறங்கி, "யே வாலா" என்று கையைக் காட்டினார். காகிதம் ஒன்றும் அவரிடம் இல்லை. குறிதான் உத்தரவு. இரண்டு பேர் கூரைத் தகரத்தில் கையை வைத்துவிட்டார்கள். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போயிற்று. "நை, நை, யே ஹமாரா ஆத்மி கியா, எலெக்சன் கா குறி!" என்று கத்தினேன். தன் வீட்டுக்குத் தானே குறி போடும் ஆள் எந்த ஊரில் இருக்கிறான் என்று முகாதம் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலே ஒரு ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது.

சபுரா எப்போது வெளியே வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. எங்கள் வாசல்படியில் இவர் போட்டுவிட்டுப் போன காவிக்கட்டியை எடுத்தாள். நேரே தன் வீட்டுக் கதவுக்குப் போய் ஒரு பெருக்கல் இழுத்தாள். கோடு கோணிற்று. அவள் கையிலிருந்து சேசம்மாள் வாங்கினாள். குருசே என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு தன் கதவில் போட்டாள். அப்புறம் கட்டி கைமாறிக்கொண்டே போயிற்று. கட்டி தீர்ந்ததும் அடுப்புக்கரி. கரிக்கும் பொறுமையில்லாதவர்கள் சுண்ணாம்பு. முகாதம் எங்கள் கதவைப் பார்த்தார், சபுரா கதவைப் பார்த்தார், சந்தின் கோடி வரை நடந்து போய்விட்டு வந்தார். "இதில் எங்கள் ஆள் போட்டது எது?" என்று இந்தியில் கேட்டார். சபுரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சப் ஏக் ஜைசா ஹை, பாய்" என்றாள். எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது!

அவர் சிரிக்கக்கூடாது என்று பார்த்தார். முடியவில்லை. முக்காலி போட்டோம், சாயா கொடுத்தோம். ஆபீஸில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, கழற்றின ஆணியைத் தன் ஆளை விட்டே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பொழுது சாய இவர் வந்தார். சந்து முனையிலேயே நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் கதவு கதவாகப் பெருக்கல். முகம் வெளிறிப்போய், "ஏளா, என்ன நடந்து போச்சு?" என்று ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவதற்கு நிறைய எடுத்து வைத்திருந்தேன், ஆனால் அவர் ஒவ்வொரு கதவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்ததைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே நடந்தேன். எனக்கு அந்த மனுஷர்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. அன்றைக்கு மறுபடியும் கிழங்கை நறுக்கினோம். சேசம்மாள் முதல் குத்தே ஏணியில் குத்தினாள்.

ஓட்டுப் போடும் நாள் வரிசையில் எனக்குப் பின்னால் சபுரா. அவளுக்குப் பின்னால் எங்கள் சந்து. இந்தத் தடவை பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் சரியான ஆள் இருந்தார். விரலில் மை வைத்து, சீட்டைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போனேன். என் வாழ்நாளில் முதல் ஓட்டு. ஏணி கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. அதற்கு நேர் எதிரே தராசு. யாரும் பார்க்கவில்லை. செம்பூர் வீட்டுக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. திறந்தால் தண்ணீர், சாயங்காலம் வீட்டில் புருஷன். வெளியே இவர் விதிப்படி தூரத்தில், வேலிக்கு அப்பால், வெள்ளைச் சட்டையோடு நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருப்பார். முத்திரையை எடுத்து ஏணியின் நடுவில் வைத்து அழுத்தினேன். நன்றாகவே அழுத்திவிட்டேன்.

மை அதிகமாகிப் பெருக்கலின் நாலு முனையிலும் பொங்கி நின்றது. இப்படியே மடித்தால் எதிரே தராசிலும் ஒட்டும். ஒட்டினால் செல்லாத ஓட்டு. சீட்டை உள்ளங்கையில் ஏந்தி, குழந்தைக்குக் கஞ்சி ஆற்றுவதுபோல ஊதினேன். "க்யா ஹுவா, பாயி? ஜல்தி கரோ" என்று மேஜையிலிருந்து அவசரப்படுத்தினார்கள். "மைனி, உள்ளயே குடியிருந்துட்டியளா?" என்று சபுரா கேட்டாள். வரிசை சிரித்தது. சிரிக்கட்டும். ஓரத்தில் இன்னும் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் சீட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாக, மறுபடியும் ஊதினேன்.