பாதியில் நின்ற சிரிப்பு

மனைவி கடல் தாண்டி வேலைக்குப் போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆனபோதுதான் டிரைவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அவளுக்குத் தன்மேல் இருந்த பிரியம் குறைந்துகொண்டே வருகிறதோ?

யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சந்தேகம் இல்லை இது. அவர் ஒரு கம்பெனியின் ஊழியர்களை ஏற்றி இறக்கும் பேருந்தை ஓட்டுகிறவர். காலையில் நாற்பத்தெட்டுப் பேரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பத்து மணிக்கு வீடு திரும்புவார். மறுபடி நாலு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். நடுவில் பத்தரை மணிக்கு அவளிடமிருந்து வரும் வீடியோ அழைப்புக்காகத்தான் அவர் மற்ற நேரத்தையெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே அப்போது மதியம் ஒரு மணி. அவள் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் நேரம். ஒரு காலத்தில் கப்பல் என்ஜின்களை ஓட்டியவர் அவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற கனம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று அவரைத் தூக்கி வைப்பதும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும் அவள் வேலை. ஆஸ்பத்திரியில் இதே வேலையைப் பழகியவள்தான். மகளின் மேல்படிப்பை நினைத்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

முதல் வருஷம் அந்த மதிய நேரம் அவர்களுக்குப் போதவே போதாது. பேருந்தில் நடந்ததையெல்லாம் டிரைவர் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். வாயைத் திறந்து தூங்கி, நிறுத்தம் தாண்டி இறங்கி, தினமும் அவரையே திட்டும் கணக்குப்பிள்ளை. ஜன்னல் சீட்டுக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட இரண்டு சிநேகிதிகள். அவள் சிரிப்பு முதலில் சத்தமே இல்லாமல் தோளைக் குலுக்கும். பிறகு உடைத்துக்கொண்டு வரும். சிரிக்கிற வேகத்தில் போன் கைநழுவிக் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் வெறும் கூரை மட்டும் தெரியும். அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே டிரைவரும் சிரித்துக்கொண்டிருப்பார்.

இப்போது அப்படி இல்லை. அவள் உட்கார்ந்து பேசுவதே கிடையாது. அறைக்குள் நடந்துகொண்டே இருப்பாள், படம் ஆடும். பத்து நிமிஷம் ஆவதற்குள், வேலை கிடக்கிறது, வைக்கட்டுமா என்பாள். எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்பு. தோள் குலுங்கத் தொடங்கும். திடீரென்று குழாயை மூடியதுபோல நின்றுவிடும். முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வாள். தன் பேச்சு அவளுக்குச் சலித்துவிட்டதென்று டிரைவர் நினைத்தார். தூரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாகிவிடுவார்கள் என்று பேருந்தில் யாரோ யாரிடமோ சொன்னது காதிலேயே நின்றது. ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்ற பயத்தில் விழுங்கிவிடுவார்.

இந்த நிலையில்தான் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

கனமாக எதையாவது தூக்கிப் பிடித்திருந்தால் கௌரவமாகவாவது இருந்திருக்கும். காலையில் முகம் கழுவக் குனிந்தபோது ஒரு தும்மல் வந்தது, அவ்வளவுதான். இடுப்புக்கு மேலே கத்தியைச் செருகி முறுக்கியதுபோல ஒரு வலி. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டும் முகத்தோடு அப்படியே நின்றார். பரீட்சை விடுமுறையில் இருந்த மகள் வந்துதான் அவரைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் கிடத்தினாள்.

“அம்மாகிட்ட மூச்சு விடாதே,” என்றார் முதல் வேலையாக.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

அன்றைக்குப் பத்தரை மணிக்குத் தலையணையைச் சாய்த்து வைத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவள் எதையும் கவனிக்கவில்லை. ஏழே நிமிஷத்தில் வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மகள் அவரைப் பிசியோவிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருந்துக் கடைக்கு மாடியில் ஒரே அறை. சுவரோரம் ஒரு நீளக் கட்டில், மூலையில் பெரிய ரப்பர் பந்து. பிசியோ சின்ன வயசுப் பெண். ஆனால் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் தோற்றுப்போகும் அதிகாரம். அவரைக் குனியச் சொன்னாள், குதிகாலால் நடக்கச் சொன்னாள், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு பின்பாக்கெட்டில் என்ன என்று கேட்டாள். டிரைவர் பர்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். லைசென்ஸ், பழைய பில்கள், எப்போதோ தொலைந்த பூட்டின் சாவி எல்லாம் சேர்ந்து இரண்டு விரல் தடிமன் இருந்தது.

“ஒரு பக்கம் செங்கல்லை வெச்சுக்கிட்டு பத்து வருஷமா வண்டி ஓட்டியிருக்கீங்கண்ணா,” என்றாள்.

“பதினேழு,” என்றார் டிரைவர்.

பர்ஸ் மட்டுமே காரணம் இல்லை என்று அவள் விளக்கினாள். நாள் முழுக்க ஒரே இருக்கை, அடியில் அதிர்ந்துகொண்டே இருக்கும் வண்டி, நடையே இல்லாத பிழைப்பு, முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும் தொப்பை எல்லாம் சேர்ந்துதான் முதுகைத் தளர வைத்திருக்கின்றன. தும்மல் வெறும் சாக்கு. பெரும்பாலும் இந்த மாதிரி வலி சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும், படுத்தே கிடக்காமல் நடமாடினால் போதும் என்றாள். எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டபோது, கட்டிலின் ஓரமாகச் சுருண்டு படுப்பதாகச் சொன்னார். பெரிய கட்டில்தானே, எதற்கு ஓரத்தில் என்று கேட்டாள். டிரைவர் மூலையிலிருந்த பந்தைப் பார்க்கத் தொடங்கினார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை; கவலை இருந்தாலும் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பும்போது கடைசியாக ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

“வலி கால்ல இறங்கினா எனக்கு போன் பண்ணுங்க. ஆனா உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ, கால் துவண்டாலோ என்கிட்ட வராதீங்க. அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது.”

ஒரு வாரத்தில் டிரைவர் வேலைக்குத் திரும்பினார். இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை, பர்ஸ் சட்டைப் பையில். வண்டியை நிறுத்தும் இடங்களிலெல்லாம் இறங்கி நாலு அடி நடந்தார். மூன்றாம் நாள் காலை, கணக்குப்பிள்ளை கம்பெனி வாசல் வந்தது தெரியாமல் வழக்கம்போலத் தூங்கி, திடுக்கிட்டு எழுந்து, பக்கத்துச் சீட்டுக்காரரின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். பையின் சொந்தக்காரர், “ஐயா, இன்னிக்கு என் பொண்டாட்டி கோபத்துல சமைச்சது, பாத்துச் சாப்பிடுங்க,” என்று பின்னாலேயே கூவ, பேருந்தே சிரித்தது. டிரைவரும் சிரித்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிய அதே நொடியில் முதுகில் சுரீரென்று ஒரு இழுப்பு. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். அறுந்துபோன அந்தச் சிரிப்பைப் பல மாதமாகப் பத்தரை மணிக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உட்கார முடியாமல் அவள் நடந்துகொண்டே பேசியது, சீக்கிரம் போனை வைத்தது, ஒருநாள் நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் தொடையை ஊன்றிக்கொண்டது என ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் அவர் கியரைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார். அம்மாவுக்கு முதுகுவலியா என்று நேராகக் கேட்டார். மகள் புத்தகத்தை மூடிவைத்தாள்.

“அஞ்சு மாசமா இருக்குப்பா. உங்ககிட்ட மூச்சு விடாதேன்னாங்க. நீங்க அவங்ககிட்ட மூச்சு விடாதேன்னீங்க. நான் யார்கிட்டதான் மூச்சு விடறது?”

சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாளாக இரண்டு பேருடைய வலியையும் இந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, பத்தரைக்காகக் காத்திருக்காமல் மனைவியை அவரே அழைத்தார்.

இந்தத் தடவை தன்னுடையதை முதலில் சொன்னார். தும்மல், கட்டில், பிசியோ, செங்கல் எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளத் தொடங்கியவள், அந்தக் கேள்வி தனக்கும்தான் என்று புரிந்து நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். என்ஜினியரைக் குளியலறையில் தூக்கியபோது அவர் சரிந்துவிட்டார். விழாமல் இருக்க அவரை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடித்தாள். அன்றிலிருந்து இடுப்பில் வலி. அப்புறம் இடது தொடை வழியாகக் கால் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்வதுபோல் இறங்கியது. இருமினால், சிரித்தால், ரொம்ப நேரம் உட்கார்ந்தால் அதிகமாகும். மாத்திரை போட்டுக்கொண்டு வேலை செய்தாள்.

“சொன்னா உடனே கிளம்பி வான்னு சொல்வீங்க. நானும் வந்துடுவேன். அதான் சொல்லல.”

டிரைவர் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். இவள் விலகிப்போகிறாள் என்று தான் நினைத்த ஒவ்வொரு நாளும் இவள் நின்றபடியே வலியைப் பொறுத்துக்கொண்டு தன்னோடு பேசியிருக்கிறாள். அதைச் சொல்ல அது நேரமாக அவருக்குத் தோன்றவில்லை. பிசியோ எச்சரித்தவற்றை வரிசையாகக் கேட்டார். கால் துவளுகிறதா? இரண்டு நாளாகப் படியில் இடறுகிறது என்றாள். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? அவள் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள்.

“சொல்லு.”

“நேத்துலேர்ந்து சரியா வர மாட்டேங்குது. உக்கார்ற இடமும் மரத்துப் போன மாதிரி இருக்கு. மாத்திரையாலன்னு நெனச்சேன்.”

டிரைவர் எழுந்து நின்றார். குரலை மட்டும் உயர்த்தாமல் பார்த்துக்கொண்டார். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். என்ஜினியருக்கு மருந்து கொடுக்கும் நேரம், அவர் மகன் சாயங்காலம்தான் வருவான் என்று அவள் இழுத்தாள்.

“உனக்கு நான் இதுவரைக்கும் உத்தரவு போட்டதே இல்ல. இப்போ போடறேன். அந்தப் பையனுக்கு போன் பண்ணு. நான் லைன்லயே இருக்கேன்.”

அந்த மகன் நல்லவன். அலுவலகத்திலிருந்து அரைமணியில் வந்தான். அண்டை வீட்டுப் பெண்மணியை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு, அவளைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனான். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் இடைத்தட்டு ஒன்று பிதுங்கி, கீழே இறங்கும் நரம்புகளை மொத்தமாக நெரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை, தள்ளிப்போட்டால் மரத்துப்போன இடத்தில் உணர்வு திரும்பாமலே போகலாம் என்றார்கள்.

நாலு மணிக்கு டிரைவர் வண்டியை எடுத்தார். விடுப்புக் கேட்டிருக்கலாம். வீட்டில் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை இறக்கினார். எல்லோரும் யாரோ ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போகிறார்கள் என்று தோன்றியது. இப்போது அவள் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் முன் யார் கையைப் பிடித்திருப்பாள்? கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஆறே முக்காலுக்கு அந்த மகன் கூப்பிட்டான். நல்லபடியாக முடிந்துவிட்டது, கால் விரலை அசைக்கிறாள் என்றான்.

அவள் ஊர் திரும்ப ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் முந்தைய இரண்டு வருஷத்தைவிட நீளமாக இருந்தது டிரைவருக்கு. விமான நிலையத்தில் அவள் மெல்ல, இடது பாதத்தை லேசாக இழுத்து நடந்து வந்தாள். மகள் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். டிரைவர் அவளை எப்படி அணைப்பது, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவளே அவர் தோளில் நெற்றியைச் சாய்த்தாள்.

“கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க,” என்றாள்.

“நானும் அதே கட்சிதான்,” என்றார்.

தினமும் காலாற நடக்க வேண்டும் என்பது அவளுக்கு மருத்துவர் உத்தரவு. காலை வண்டி முடித்து வந்ததும் டிரைவர் அவளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்குவார். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்புவார்கள். எவ்வளவோ பேசலாம் என்று சேர்த்துவைத்திருந்தார். பக்கத்தில் அவள் காலடிச் சத்தம் கேட்கும்போது எதுவும் பேசத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து ஒருநாள், தெருக்கோடியில் அவள் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அதில் இன்னும் அந்த ஊர் நேரம்தான் ஓடியது.

“இப்போ அவரை இடது பக்கமா திருப்பிப் படுக்க வைக்கணும். புதுசா வந்தவளுக்கு, தோளுக்கடியில தலையணை வெக்கணும்னு தெரியுமோ என்னமோ.”

டிரைவர் அவளைப் பார்த்தார். அவளில் ஒரு பங்கு அந்த வீட்டிலேயே தங்கிவிட்டதென்று அவருக்குப் புரிந்தது. பொறாமையாக இல்லை, அந்த இரண்டு வருஷத்தையும் அவளோடு இருந்து பார்க்க முடியாமல் போனதே என்றுதான் இருந்தது.

“போன் போட்டுச் சொல்லிடு,” என்றார். “சொல்லிட்டு, அந்த வீடு எப்படி இருக்கும்னு எனக்கு ஒவ்வொரு அறையா சொல்லு.”

அவள் வாசற்கதவிலிருந்து தொடங்கினாள். இருவரும் வந்த வழியே மெதுவாகத் திரும்பி நடந்தார்கள்.