முனியாண்டி கங்காணிக்கு வந்த சந்தேகம்

தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் முனியாண்டி கங்காணி தன் நிழலையே நம்பாத ஆள். போன மாதம் அவருடைய ஆட்களில் இரண்டு குடும்பம் தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிப்போனதிலிருந்து கேட்கவே வேண்டாம். யாரோ உள்ளேயிருந்து ஆள் பிடித்துக் கொடுக்கிறான் என்றார். அந்த யாரோ, புதிதாக வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார் சிவசுப்பிரமணியம்தான் என்றும் முடிவு கட்டிவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் போதாதா? இங்கிலீஷ் எதற்கு?

ஒருநாள் பள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டார்.

"கேன் எண்டால் என்னாலை ஏலும். மே எண்டால் செய்யலாமோ எண்டு கேக்கிறது. மஸ்ட் எண்டால் செய்தே ஆகவேணும். எங்கை, சொல்லுங்கோ."

பிள்ளைகள் தம்பின் சாலையைக் கைகாட்டிக் கத்தினார்கள். "ஐ கேன் கோ! மே ஐ கோ? ஐ மஸ்ட் கோ!" எல்லோரையும்விடப் பெரிய சத்தம் அவருடைய மகள் பஞ்சாலையுடையதுதான்.

கங்காணி உள்ளே பாய்ந்தார். "எந்தத் தோட்டத்துக்குப் போகச் சொல்லிக் குடுக்கிறீங்க வாத்தியாரே?"

"ஐயோ கங்காணியார், இது பாடமல்லோ! காலமை ஆள் எண்ணுற பிரட்டுக்கு வந்து பேர் குடுத்தே ஆகவேணும், அது மஸ்ட். தண்ணி குடிக்கலாமோ எண்டு கேட்டால் மே. இதிலை என்ன களவு?"

"பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டுருமா? இந்தக் கதையெல்லாம் தொரைகிட்ட சொல்லுங்க லா."

வாத்தியார் போனால் பள்ளிக்கூடம் மூடும், பிள்ளைகள் புல் வெட்டப் போகும். போகட்டும். ஆள் இல்லாத கங்காணி என்ன கங்காணி?

மறுநாள் கங்காணியின் புகாரைக் கேட்டுத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். துரை பஞ்சாலையைக் காட்டி, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், "என்னா படிச்சே? சொல்லு" என்றார்.

அவள் கையைக் கட்டவில்லை. துரையின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "மே ஐ சிட், சார்?"

கோபத்தையும் மீறிக் கங்காணியின் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவர் துரை முன்னால் உட்கார்ந்ததில்லை. உட்காரலாமா என்று கேட்டதும் இல்லை.

துரை சிரிக்கவில்லை. வாத்தியாரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கூலிப் பிள்ளைக்கு இது வேணாம். மஸ்ட் மட்டும் சொல்லிக் குடு. போதும்." சொல்லிவிட்டுப் போய் மோட்டாரில் ஏறிக்கொண்டார்.

கூலிப் பிள்ளை. கங்காணி தன் ஆட்களை வாய்க்கு வாய் கூப்பிடுகிற சொல்தான். இன்று அது அவர் மகள்மேல் விழுந்தபோது செருப்படி போல வலித்தது.

பதில் வராததால் பஞ்சாலை நின்றுகொண்டே இருந்தாள்.

"ஒக்காரு தாயி," என்றார் கங்காணி.

வாத்தியார் தன் குடையைத் தேடி எடுத்தார். துரை பார்த்த பார்வையிலேயே வேலை போய்விட்டது என்று நினைத்திருந்தார். கங்காணி பக்கத்தில் வந்ததும் இன்னும் என்ன வைத்திருக்கிறானோ என்று ஒரு அடி பின்வாங்கினார்.

"வாத்தியாரே, பொழுது சாய வீட்டுக்கு வாங்க. தொரை வேணாம்னாரே, அந்தக் கேன், மே ரெண்டையும் எம் மவளுக்குச் சொல்லிக் குடுங்க."