நான்கு ஆட்டுத்தலை சாப்பிட்டவன்

என் வாப்பா சிம்கென்ட் நகரத்தில் இறந்துபோய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேலப்பாளையத்தில் அவர் நல்ல சுகமாக இருந்தார். பெயிண்ட் கடையை நேரத்துக்குத் திறந்தார், நேரத்துக்குப் பூட்டினார், நடுவில் ஆறு டீ குடித்தார். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வெளிநாட்டுக்கு வந்து மருத்துவத்தோடு சேர்த்து நான் படித்த இன்னொரு படிப்பு.

அவரைக் கொன்றது ஓர் ஆட்டுத்தலை. முதல் வருடம், தோலெகென் அகா வீட்டுக் கொட்டகை அறையில் நான் வாடகைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து ஆடு அறுத்து, கறி வெந்ததும், தலையை முழுசாக ஒரு தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். விருந்தாளிக்குத் தலை. எங்கள் வீட்டிலும் பெருநாள் மறுநாள் தலைக்கறிதான். மூளை யாருக்கு என்று வாப்பாவுக்கும் எனக்கும் வருடாவருடம் தகராறு. பங்கு கேட்க ஆளில்லாத ஒரு முழுத்தலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கத்தியை எடுத்தேன். கன்னம், கண், காது எல்லாம் போயின.

 அகாவின் மனைவி குல்யாஷ் ஜெங்கே (இவர்கள் மொழியில் அகா என்றால் அண்ணன், ஜெங்கே என்றால் அண்ணி) தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அகா குர்ஆன் ஓதினார். எல்லோரும் கையேந்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். யார் ஓதினாலும் ஆமீன் சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். நானும் சொன்னேன், வாயில் ஆட்டு நாக்கோடு.

தகப்பன் உயிரோடு இருப்பவன் இங்கே ஆட்டுத்தலையைத் தொடமாட்டான். நீட்டினால், அப்பா இருக்கிறார் என்று சொல்லித் தட்டைத் திருப்பிவிடுவான். கையை நீட்டி எடுத்தால் அப்பா இல்லை என்று அர்த்தம். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் சொல்லவும் வேண்டாம். இது எனக்குத் தெரிய ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் நான் தகப்பனில்லாப் பிள்ளையாக நன்றாக வேர் பிடித்திருந்தேன். கொட்டகை அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றப்பட்டேன். குளிருக்கு அகாவின் கோட்டு வந்தது. என் கைபேசியிலிருந்த வாப்பாவின் படத்தை ஜெங்கே வாங்கிப்போய்ப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அகாவின் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களுக்காக ஏழு எண்ணெய் ரொட்டி சுடுவார். அந்த எண்ணெய் மணம் இரண்டு பேருக்கும் சேர்த்து மேலே போகும். ரொட்டி எனக்கு.

சொல்லியிருக்கலாம். ஆனால் உயிரோடு இருப்பவனுக்கு மௌத்து ஓதினால் அவன் ஆயுள் குறையும் என்பதில் ஜெங்கேக்குச் சந்தேகமே கிடையாது. இவ்வளவு நாள் தன்னை அந்தப் பாவத்தைச் செய்யவைத்தவனை அவர் அரைமணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கமாட்டார். இரண்டாம் வருடம் எனக்கு டைஃபாய்டு வந்தபோது ஒன்பது நாள் வேலைக்குப் போகாமல் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவர் அகா. அந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. எனவே அடுத்த பெருநாளுக்கும் தலையை எடுத்தேன். அதற்கடுத்ததற்கும், அதற்கடுத்ததற்கும்.

ஐந்தாம் வருடம் வாப்பா போன் செய்து, பெருநாள் மறுநாள் என்னைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டதாம். பெருநாள் சாயங்காலம், எல்லோர் வயிறும் நிறைந்திருக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வயிறு நிறைந்தவர்களின் கோபம் கொஞ்சம் மெதுவாகத்தான் எழுந்து வரும் என்பது என் கணக்கு.

பெருநாள் மதியம் கறி வெந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற அகாவின் மகள் மர்ஜான் உள்ளே எட்டிப் பார்த்து, மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்: "அம்மா, போட்டோல இருக்கவரு டாக்சிலேருந்து எறங்குறாரு."

இரண்டு படங்களில் எது என்று யாரும் கேட்கவில்லை. வாப்பா கைலியோடு வாசலில் நின்றார். ஒரு கையில் அல்வாப் பொட்டலம்.

"என்னலே பாக்குத? ப்ளேன விட்டு எறங்குனதும் வேற ரயிலு கெடச்சிது, ஒரு நா முந்தியே வந்துட்டேன். பெருநாளும் அதுவுமா ஒத்தையில கெடப்பியேன்னுதான்."

ஜெங்கே கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமில்லை. மருத்துவ மாணவன் என்ற முறையில் அவரை உட்காரவைத்திருக்க வேண்டும். நான் வேறொரு சிகிச்சை செய்தேன். இவர் வாப்பாவின் தம்பி, இரண்டு பேரும் ஒரே அச்சு என்று சொன்னேன். ஜெங்கேக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து வாப்பா சுவரைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பல்லாக, படத்தைக் காட்டித் தன் நெஞ்சில் தட்டினார். ஜெங்கேக்குப் புரியவில்லையோ என்று நினைத்து மறுபடியும் காட்டி மறுபடியும் தட்டினார்.

"நல்ல மனுசங்களா இருக்காவளே," என்றார் என்னிடம். "நம்ம வீட்டுல கூட எம் படம் கெடையாது."

ஜெங்கே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு வாப்பாவின் பக்கம் திரும்பி, உள்ளே வரச்சொல்லிக் கை காட்டினார். இந்த நாட்டில் பேயே வந்தாலும் முதலில் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள்.

விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அகா தலைத்தட்டை எடுத்து வாப்பாவின் முன்னால் வைத்தார். நியாயமான விருந்தாளி, நியாயமாகத் தகப்பனை இழந்தவர். வாப்பா ஒரு காதை மென்றுகொண்டே மூளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தடவை இவர்கள் மொழியில், ஒரு தடவை தமிழில். இரண்டிலும் கேவலமாகத்தான் இருந்தது.

வாப்பா மெல்லுவதை நிறுத்தினார். "நாலு வருசமா நான் மௌத்தா?"

"ஆமா வாப்பா."

"ஓதுனாவளா?"

"வெள்ளிக்கெழம தவறாம."

 வாப்பா, உயிரோடு இருக்கிற தனக்கு அந்த அளவு ஒருத்தரும் செய்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கன்னத்தசையை அறுக்கத் தொடங்கினார்.

ஜெங்கேயின் குரல் உயரவில்லை. "உங்க அப்பா ஆயுசுல நான் எத்தனை வருஷத்தைக் கொறச்சேன்னு தெரியல மசூத். என் கையால. என் அடுப்புல. நீ பக்கத்துல உக்காந்து அந்த ரொட்டியத் தின்ன."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து வரப்போகும் வாக்கியம் எனக்குத் தெரியும். பெட்டியை எங்கே வைத்தோம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அகா தலைத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கோபம் என்று வாப்பா எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சமாதானம் பண்ணும் விதமாக ஒரு துண்டை அறுத்து எடுத்துக்கொண்டு, தலைத்தட்டை அகாவின் பக்கம் மரியாதையாக நகர்த்தினார். விருந்தாளி வீட்டுக்காரருக்குத் தலையைத் திருப்பிக் கொடுப்பது இங்கே முறைதான். வாப்பாவுக்கு அது தெரியாது. தெரியாமலே சரியாகச் செய்தார்.

அகா தட்டைத் தொடவில்லை.

"எடுங்களேன், விருந்தாளி குடுக்கறாரு," என்றார் ஜெங்கே.

பல் வலி என்றார் அகா.

"நேத்து வாதுமக் கொட்டைய பல்லாலதானே ஒடச்சீங்க?" என்றாள் மர்ஜான்.

ஜெங்கே கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒருவருடைய மண்டைக்குள் இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கை திரும்பிப் பின்னால் ஓடுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். கல்யாண வீடுகளில் பல் வலி. துக்க வீடுகளில் பல் வலி. ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கிருந்தாவது ஒரு விருந்தாளி. விருந்தாளி கிடைக்காத ஒரு வருடம், மீசை முளைக்காத, மூன்று வாரம் முன்பு வந்த வாடகைப் பையனுக்கு முழுத்தலை.

"தோலெகென்," என்றார் ஜெங்கே. பேர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "தலைய எடுங்க."

அகாவின் கை முழங்காலை விட்டு அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா கெந்தாவ்ல இருக்காரு. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால."

நான் அதை வாப்பாவுக்கு மொழிபெயர்க்க மறந்துபோனேன்.

அகாவுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அந்த மனிதர் இன்னொருத்தியோடு போய்விட்டாராம். அகாவின் அம்மா இறந்தபோது ஆள் அனுப்பியும் வரவில்லையாம். "அம்மாவப் பொதச்ச அன்னைக்கு அவரையும் சேத்துப் பொதச்சிட்டேன்," என்றார். "கல்யாணம் பேச வந்தப்ப ஒங்க வீட்டுல கேட்டாங்க. இல்லன்னுட்டேன். வாய் பொய் சொல்லிடிச்சு குல்யாஷ். கை மட்டும் போகல."

சுவரில் அகாவின் அப்பா, பட்டாளத் தொப்பியோடு, இருபது வயதில், ஒரு குற்றமும் செய்யாதவர்போல இருந்தார். பக்கத்தில் என் வாப்பா. அந்தச் சுவரில் செத்தவர் ஒருவர்கூட இல்லை.

"வாரம் ஏழு ரொட்டி," என்றார் ஜெங்கே. அவ்வளவுதான் சொன்னார். கூட்டிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை என்று தோன்றியது.

எழுந்து அடுப்படிக்குப் போனார். ஆட்டின் இடுப்பெலும்பை, வயதில் மூத்தவருக்கென்று எடுத்து வைத்திருந்ததை, சட்டியோடு துணியில் கட்டிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். சூடு தொடையில் ஏறியது. 

"ரெண்டு பேரும் வெளிய போங்க," என்றார். "இத அந்த மனுஷன் கையில குடுத்துட்டு வாங்க. குடுக்காம எவனும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அந்த வாக்கியத்தை நான்கு வருடமாக எதிர்பார்த்திருந்தேன். அதில் 'ரெண்டு பேரும்' இருக்கும் என்றும், 'வாங்க' என்று முடியும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

வாப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். போய்விட்டு வரச்சொன்னார். தான் இங்கேயே இருப்பதாகவும், தன்னைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார். தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து மூளையைக் கண்டுபிடித்திருந்தார்.

கெந்தாவுக்கு மூன்று மணி நேரம். அகா இரண்டு இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு தடவையும் நான் மடியிலிருந்த சட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். மறுபடியும் கிளப்பினார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், நீலக் கதவு. அகா தட்டிவிட்டு ஓர் அடி பின்னால் போய் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஐம்பது வயது மனிதர். என்னைவிட ஒரு முழம் அகலம். மறையவே முடியவில்லை.

கதவைத் திறந்த கிழவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். புரை, நன்றாக முற்றியது. நான் சலாம் சொன்னேன். சிம்கென்டிலிருந்து, தோலெகென் வீட்டிலிருந்து, பெருநாள் கறி என்றேன்.

கிழவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறித் தேடினார். நான் மேலப்பாளையம் கறுப்பு. அது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"ரெண்டுல எவன்டா என் மகன்?"

 நான் சட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையால் கிழவரின் கையைப் பிடித்து, பின்னால் இருந்த அகாவின் நெஞ்சின்மேல் வைத்தேன்.