ஈசானிய மூலையில் ஒரு வட்டம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்த பிளான் ஆபீஸில் சுலோச்சனா பதினான்கு வருடமாக வீடுகளுக்கு முகம் வரைந்துகொண்டிருந்தாள். எலிவேஷன் என்பார்கள். சுற்று வட்டாரத்தில் ஐம்பது வீடாவது அவள் வரைந்த முகத்தோடு நின்றது. இரண்டு மாடி உயரத்துக்குத் தூண், நடுவில் நீலக் கண்ணாடிப் பட்டை, உச்சியில் காரணமே இல்லாமல் ஒரு வளைவு. வருகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள். வேறு மாதிரி கேட்க ஒருவராவது வரமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். கடைசியில் ஒருவர் வந்தார். அவர் வீட்டாருக்குப் பிடித்ததோ, வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான கீர்த்தியின் படம்.

வந்தவர் முத்துவேல், ஏரியை ஒட்டி நிலம் வைத்திருப்பவர். மகன் கலைச்செல்வன் அமெரிக்காவில் ஒரு கடலோர ஊரில் இருந்தான். பணக்காரர்கள் கோடையில் வந்து தங்குவதற்காக நூற்று முப்பது வருடத்துக்கு முன் கட்டிய மர வீடுகள் அங்கே வரிசையாக நிற்குமாம். அதில் ஒன்றைப் போல அப்பா அம்மாவுக்குக் கட்டித்தர வேண்டும் என்பது அவன் ஆசை. முப்பது போட்டோ அனுப்பியிருந்தான்.

"ஆளுக்கு ஒண்ணு போடுங்க. பையன் எத சொல்றானோ அதான்" என்று இருவரிடமும் சொல்லிவிட்டார் ஆபீஸை நடத்தும் இன்ஜினியர் மோகன்குமார்.

சுலோச்சனா அந்தப் போட்டோக்களை ஒரு வாரம் பார்த்தாள். உள்ளங்கை அகல மரச் சில்லுகள், மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கூரையிலும் அதே சில்லு, சுவரிலும் அதே சில்லு. பெயிண்டும் இல்லை, பூவேலையும் இல்லை. உப்புக்காற்றில் வீடு முழுக்கச் சாம்பல் நிறமாகியிருந்தது. கூரை சரிந்து வந்து வராண்டாவைப் போர்த்தியிருந்தது. ஒரு மூலையில் உருண்டையாக ஒரு கோபுரம். சில்லுகள் அதையும் சுற்றிக்கொண்டு போயின. நல்ல வீடுதான், ஆனால் இங்கே மரத்தில் கட்டினால் இரண்டு மழைக்குள் கரையான் தின்றுவிடும் என்று முடிவு செய்து, சரிவுக் கூரையையும் வராண்டாவையும் மட்டும் எடுத்துத் தன் வழக்கமான முகத்தில் ஒட்டினாள்.

கீர்த்தி மரத்தை விட்டுவிட்டுத் தட்டோட்டை எடுத்திருந்தாள். மொட்டை மாடியில் வெயிலுக்குப் பதிக்கிறோமே, அந்தச் சின்னச் சுட்டமண் ஓடு. ஒவ்வொன்றிலும் துளை போட்டுக் கம்பிச் சட்டத்தில் செதில் செதிலாகத் தொங்கவிட்டு, சுவரையும் கூரையையும் கோபுரத்தையும் ஒரே தோலால் மூடியிருந்தாள். கலைச்செல்வன் அதைத்தான் தேர்ந்தெடுத்தான்.

படம் அழகாக இருந்ததுகூட சுலோச்சனாவை அவ்வளவு சுடவில்லை. தட்டோடு அவள் தினமும் எழுதுகிற பொருள். பதினான்கு வருடம் எஸ்டிமேட்டில் எழுதியவளுக்கு அது ஏன் தோன்றவில்லை?

"ஒங்க வராண்டாவும் நல்லாத்தான் கீதுக்கா" என்றாள் கீர்த்தி, சாப்பிடும்போது. அன்று சுலோச்சனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப்பின் கீர்த்தி செய்கிற எல்லாமே உறுத்தியது. அவள் சிரிப்பது, மவுஸைத் தட்டுவது, கலைச்செல்வன் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது.

திங்கட்கிழமை கீர்த்தி தட்டோடு பார்க்க வாலாஜாபாத் போயிருந்தாள். பிளான் வாங்க முத்துவேல் வந்தார். சுலோச்சனா கீர்த்தியின் தாளை விரித்து, வடகிழக்கில் கோபுரம் வரும் வட்டத்தின்மேல் பென்சிலை வைத்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? ஈசானியத்துல வட்டம் போட்டுக்கீது. பரவால்லீங்களா?"

"இன்னாம்மா சொல்ற?"

"மூல வெட்டுப்பட்ட மாதிரி ஆவுது. அதுவும் அங்க போயி ஒசரம்... நான் ஒண்ணும் சொல்லலீங்க. பெரியவங்க, நீங்களே பாத்துக்குங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. தாளை மடிக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கோபுரம் போனால் அந்தப் படத்தில் மிச்சம் ஒன்றுமில்லை, தன் படத்துக்குத்தான் திரும்பி வரவேண்டும் என்று சுலோச்சனா கணக்குப் போட்டாள். அன்று சாயங்காலம் டீ ருசியாக இருந்தது.

மறுநாள் ஆபீஸிலேயே வீடியோ கால். முத்துவேல் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"டேய், அந்த வட்டம் வாணாம்!"

"நைனா, அது இல்லன்னா அந்த வூடே இல்ல!"

"ஈசானியத்த வெட்டிட்டு நான் எப்டிடா அதுல படுப்பேன்? ஒங்க ஆத்தாளுக்கு ஏற்கெனவே முட்டி வலி!"

"முட்டிக்கும் மூலைக்கும் இன்னா நைனா சம்பந்தம்?"

சுலோச்சனாவின் கண் கீர்த்தியின் முகத்தை விட்டு நகரவில்லை. உதடு துடிக்குமா, கண் கலங்குமா என்று பார்த்தாள். கீர்த்தி நிமிரவே இல்லை. பிளானைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயா, கன்னி மூலையில ஒசரமா வரலாமா?"

"அங்கதாம்மா ஒசரமா இருக்கணும்பாங்க. ஆனா அதையும் வெட்டக் கூடாது."

"வெட்ட வாணாம். தரையில சதுரமாவே நிக்கட்டும். மேல போவப் போவ வட்டமாயிடட்டும். சின்னச் சின்ன ஓடுதானே, மெல்ல மெல்ல வளைஞ்சிக்கும்." பென்சில் தாளில் ஓடியது. "தென்மேற்குல நிக்கறதால சாயங்கால வெயில கோபுரமே வாங்கிக்கும். பெட்ரூமு சூடாவாது."

போனுக்குள் கலைச்செல்வன் கைதட்டினான். தன் ஊரில் இருக்கிற பழைய வீடுகளிலும் சதுரம் இப்படித்தான் வட்டமாகும், சில்லு வைத்துக் கட்டியதே அதற்குத்தான் என்றான். முத்துவேல் தாளை எட்டிப் பார்த்தார்.

"மேற்கால ஏரிக்கரதானே? அப்ப கரமேல போற பஸ்ஸெல்லாம் நம்ம வூட்ட பாத்துக்கினே போவும்!" சிரித்தபடி சுலோச்சனா பக்கம் திரும்பினார். "எல்லாம் இந்தம்மா சொன்னதாலதான். எனக்கு எங்க தோணியிருக்கப் போவுது?"

கீர்த்தி நிமிர்ந்தாள். "அக்காவா சொன்னாங்க?"

சுலோச்சனா பென்சிலைச் சீவத் தொடங்கினாள். கீர்த்தி ஒரு நொடி அவளையே பார்த்தாள்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா. ஒரு நாள் மிச்சமாயிருக்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது வெறும் சிரிப்பா, குத்தலா என்று சுலோச்சனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மோகன்குமாருக்கு ஒரே குஷி. "இந்த பிளான்ல ரெண்டு பேர் பேரும் போட்டுடும்மா கீர்த்தி. எம்பேரு கீழ."

அந்த ஆபீஸ் தாளில் இன்ஜினியர் பேரைத் தவிர வேறு பேர் இதுவரை ஏறியதில்லை. முத்துவேல் விடைபெற்றுப் போனபின் கீர்த்தி டைப் செய்து பிரின்ட் கொடுத்தாள். தாள் சூடாக வெளியே வந்தது. சுலோச்சனாதான் எடுத்தாள். வெட்கமாக இருக்கும், நெஞ்சு அடைக்கும், எல்லாவற்றையும் கீர்த்தியிடம் சொல்லிவிடுவோம் என்றெல்லாம் நினைத்தபடி தாளின் வலது கீழ் மூலையைப் பார்த்தாள்.

வரைந்தவர்கள்: கீர்த்தி, சுலோச்சனா.

ஏன் நான் இரண்டாவது என்றுதான் முதலில் தோன்றியது.